மாஷ் வெப்பநிலை ஒருநாள் கூடுகிறது, ஒருநாள் குறைகிறது: எப்படிச் சரிசெய்வது?

நீங்கள் கேட்டது: பியர் தயாரிக்க, வெள்ளவத்தை மாடி வீட்டில் வெப்பம் காக்கும் ஐஸ் பெட்டிக்குள் 5 கிலோ மோல்ட் (முளைக்கவைத்து உலர்த்திய பார்லி), 15 லீற்றர் சுடுதண்ணீர். இந்தக் கலவைதான் மாஷ். அது 67 பாகையில் நிற்கவேண்டும். ஒருநாள் 70, இன்னொருநாள் 62.

முதலில் ஒன்று. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பது இலங்கையில் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். அனுமதிப்பத்திர அலுவலை முடித்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். கூடுவதும் குறைவதும் ஒரே அளவு ஆபத்து இல்லை. 62இல் மோல்ட்டின் மாவைச் சீனியாக்கும் நொதியங்கள் வேலை செய்துகொண்டுதான் இருக்கும், ஆறுதலாகத் திருத்தலாம். 72ஐத் தொட்டால் அவற்றில் ஒன்றான பீட்டா அமைலேஸ் நிமிடக் கணக்கில் அழியத் தொடங்கும், பிறகு எவ்வளவு குளிர்த்தினாலும் திரும்பி வராது. அதனால் பக்கத்தில் ஐஸ் தயாராக இல்லாமல் மோல்ட்டைக் கொட்டாதீர்கள்.

உங்கள் 62க்குக் காரணம் பெரும்பாலும் பிரிட்ஜ். வண்டு பிடிக்கும் என்று மோல்ட்டைப் பிரிட்ஜில் வைப்பது கொழும்பில் சரியான பழக்கம்தான், ஆனால் கணக்கு மாறிவிடும். 0.41ஐ, ஒரு கிலோ மோல்ட்டுக்கு எத்தனை லீற்றர் தண்ணீர் என்ற எண்ணால் (உங்களுக்கு 3) வகுத்துக்கொள்ளுங்கள். வேண்டிய வெப்பத்தில் இருந்து மோல்ட்டின் வெப்பத்தைக் கழித்து, வருவதை அந்த விடையால் பெருக்கி, வேண்டிய வெப்பத்தோடு கூட்டுங்கள். மோல்ட் அறை வெப்பத்தில், 30 பாகையில் இருந்தால் தண்ணீர் 72.1 இருக்கவேண்டும். பிரிட்ஜில் இருந்து 5 பாகையில் வந்தால் 75.5. குளிர் மோல்ட்டில் 72.1 ஊற்றினால் 64தான் கிடைக்கும். சூடாக்காத பெட்டி இன்னும் 2 பாகையைக் குடித்துவிடும். பெட்டிக்குள் 5 லீற்றர் சுடுதண்ணீர் விட்டு, மூடி 10 நிமிடம் வைத்து, கொட்டிய பிறகு தொடங்குங்கள்.

கூடும் நாளில், தண்ணீரின் வெப்பத்தைச் சொல்லும் கணக்குப்பொறியைப் பாவித்தீர்களா என்று பாருங்கள். குளிர்நாட்டுக்காரர் செய்தவை மோல்ட்டை 20 பாகை என்று எடுத்துக்கொள்ளும். அதனால் இங்கே 1.2 பாகை கூடும். 70 என்றால் மிச்சம் வெப்பமானியின் பிழையாக இருக்கலாம். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த கோப்பையில் 0, கொதிக்கும் தண்ணீரில் 100 காட்டவேண்டும். கொழும்பு கடல் மட்டத்தில் இருப்பதால் 100 சரி. நுவரெலியாவில் 94 அளவில் கொதித்துவிடும். மோல்ட் கட்டிபட்டிருந்தாலும் அளவு பொய் சொல்லும். அகப்பையால் அடிவரை கிளறி, மூன்று இடங்களில் பாருங்கள்.

62இல் நின்றால் 2.6 லீற்றர் கொதிநீர் 67க்குக் கொண்டுவரும். தூக்கிக்கொண்டு வருவதற்குள் அது 95 ஆகிவிடும், ஆகவே 3 லீற்றர் வையுங்கள். அரை லீற்றராக ஊற்றி, கிளறி, அளந்து போங்கள். பெட்டியில் இடமில்லையென்றால் அடியில் இருக்கும் கெட்டியான பகுதியில் 3 லீற்றர் எடுத்து, தடித்த அடியுள்ள பாத்திரத்தில் கிளறிக்கொண்டே கொதிக்கவைத்துத் திரும்பக் கொட்டுங்கள். எனக்குப் பிடித்தது இந்த வழிதான், மாஷ் நீர்த்துப்போகாது. நொதியம் கரைந்திருப்பது தண்ணியில் என்பதால் தெளிந்ததை எடுத்துக் கொதிக்கவைக்கக் கூடாது. எதுவும் செய்யாமல் 62இலேயே 90 நிமிடம் விட்டாலும் பியர் கெட்டுவிடாது. இனிப்புக் குறைந்து, வாய்க்கு இலேசாக இருக்கும்.

72க்கு ஏறிவிட்டால் 600 கிராம் ஐஸ் போதும். பிரிட்ஜ் தட்டு ஒன்றில் அவ்வளவு வராது, முதல்நாளே இரண்டு மூன்று தட்டு உறையவைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் 28 பாகையில் 2.2 லீற்றர் வேண்டும், மாஷும் அந்த அளவுக்கு நீர்த்துவிடும். 77ஐத் தாண்டி நின்றிருந்தால் 65க்கு இறக்கி, உடைத்த வெளிர் மோல்ட் புதிதாக அரைக் கிலோ சேர்த்து இன்னொரு மணித்தியாலம் விடுங்கள். அழிந்த நொதியத்துக்குப் பதிலாக அது வேலை செய்யும்.

மாவு எல்லாம் சீனியாகிவிட்டதா என்பதை நேரத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். பாமசியில் அயடின் சிறு போத்தல் வாங்குங்கள். வெள்ளைப் பீங்கானில் மாஷில் இருந்து உமி படாத தண்ணியை ஒரு கரண்டி விட்டு, ஆறியதும் ஒரு துளி அயடின் இடுங்கள். கருநீலம் ஓடினால் மாவு மிச்சம் இருக்கிறது, இன்னும் 15 நிமிடம் விட்டுத் திரும்பப் பாருங்கள். மஞ்சள் பழுப்பு மாறாமல் நின்றால் வடிக்கலாம். சோதித்ததை மாஷுக்குள் திரும்ப ஊற்றாதீர்கள்.