ராஜாசாரஸின் பங்காளிகள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கண்டங்கள் பிரியப் பிரிய டைனோசர் வகைகள் பெருகின என்று படித்தேன். அப்படியானால் தனித்தீவாக மிதந்து வந்த இந்தியாவில் எங்குமே இல்லாத விசித்திர டைனோசர்கள் இருந்திருக்க வேண்டுமே? கோழியும் டைனோசர்தான் என்கிறார்களே, மெய்யா?

கே.

அன்புள்ள கே.,

கோழி டைனோசர்தான். அதை விடுங்கள். 'தனித்தீவு' என்று எழுதியிருக்கிறீர்களே, சில நாட்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் சொல் அது.

இந்தியா மடகாஸ்கரை விட்டுப் பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். குஜராத்தில் கிடைத்து 2003இல் பெயரிடப்பட்ட ராஜாசாரஸ் என்ற ஊனுண்ணி டைனோசர் வாழ்ந்தது சுமார் 6.7 கோடி ஆண்டுகளுக்கு முன். இடையில் இரண்டு கோடி ஆண்டுகள். ஆனாலும் மடகாஸ்கரின் ஊனுண்ணி டைனோசரான மஜுங்காசாரஸைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டை முகம், தலைமேல் ஒற்றைப் புடைப்பு என்று பங்காளிச் சாடை அப்படியே தெரிகிறது. அர்ஜென்டினாவின் கார்னோடாரஸும் இதே குட்டைமுக ஊனுண்ணிக் குடும்பம்தான், அபெலிசாரிட் என்பார்கள். நிலம்தான் பாகம் பிரிந்தது.

"கண்டம் பிரிந்தது, இனம் பெருகியது" என்று ஒரே வரியில் முடிப்பது சோம்பேறித்தனம், கே. மூன்று காலக்கணக்கு வேண்டும். கடல் எப்போது திறந்தது என்பதைக் கடலடிப் பாறையின் காந்தப் பட்டைகள், அதாவது பாறை உறைந்தபோது அதில் பதிந்த பூமியின் காந்தத் திசையின் வரிகள், சொல்லும். எலும்பு கிடைத்த பாறையின் வயது இரண்டாவது. ஒரே மூதாதையிலிருந்து வந்த இரு கிளைகளும் எப்போது பிரிந்தன என்பது மூன்றாவது. கிளை பிரிந்த காலமும் கடல் திறந்த காலமும் ஒத்துவந்தால் கடலைக் காரணம் சொல்லலாம். கிளை முந்தியது என்றால், ஒரே நிலமாக இருந்தபோதே இரண்டும் வேறாகிவிட்டன. பிந்தியது என்றால், ஏதோ ஒன்று கடந்து போயிருக்கிறது.

எல்லாரும் வழுக்கி விழுவது மூன்றாவதில். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் பறவைச் சாயல் கொண்ட சிறு டைனோசரான ட்ரூடான்டிட்டின் பல் ஒன்று கிடைத்ததாக 2013இல் எழுதினார்கள். அதுவரை வடகண்டங்களுக்கே உரியது என்று நம்பப்பட்ட குடும்பம் அது. வடக்கிலிருந்து கடந்து வந்ததா, கண்டங்கள் பிரிவதற்கு முன்பே எங்கும் பரவியிருந்ததா? ஒற்றைப் பல்லை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. அதே கல்லமேட்டில் கிடைத்த புருஹத்காயோசாரஸ் என்ற டைனோசரை முதலில் ஊனுண்ணி என்றார்கள், பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று திருத்தினார்கள். சரிபார்க்கலாம் என்றால் எலும்புகளே நொறுங்கிப்போய்விட்டன.

அந்தக் கதி வராதிருக்க, நொறுங்கும் எலும்பை மண்ணிலிருந்து அப்படியே தூக்கக்கூடாது. முதலில் நீர்த்த பசையை ஊட்டிக் காயவிட வேண்டும். பிறகு ஈரக் காகிதம் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டரில் தோய்த்த சாக்குத்துணியை வரிவரியாக ஒட்ட வேண்டும். மேல்பாதி இறுகிய பின்தான் அடிமண்ணை அறுத்துப் புரட்டலாம். காகிதத்தை மறந்தீர்களோ, பின்னால் பிளாஸ்டரை உடைக்கும்போது எலும்பும் அதோடு பிய்ந்து வந்துவிடும்.