புது மாத்திரை வருகிறது என்று கையிலிருக்கும் காப்ஸ்யூலை நிறுத்தலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 68 வயது. ஐ.பி.எஃப். என்ற நுரையீரல் தழும்பு நோய் என்று சொல்லி, நின்டெடானிப் 150 மி.கி. காலையும் இரவும் கொடுத்திருக்கிறார்கள். வயிற்றோட்டம் தாங்க முடியவில்லை. அமெரிக்காவில் புது மாத்திரை வந்துவிட்டது, வரவழைத்துத் தருகிறேன், பாதிப் பணம் முன்பணமாக வேண்டும் என்கிறார் ஒரு ஏஜென்ட். பழையதை நிறுத்திவிட்டுப் புதியதற்குக் காத்திருக்கலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். ஏஜென்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

அவர் சொல்லும் மருந்தின் பெயர் நெராண்டோமிலாஸ்ட். 2025 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நின்டெடானிபைக் கொண்டுவந்த போரிங்கர் இங்கல்ஹெய்ம் கம்பெனியுடையதுதான் இதுவும். விழுந்த தழும்பை இது கரைக்காது. மேலும் பரவும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். 1,177 நோயாளிகளிடம் 52 வாரம் சோதித்தார்கள். மூச்சை நன்றாக இழுத்து முழுவதும் ஊதினால் வெளிவரும் காற்றின் அளவை எஃப்.வி.சி. என்போம். மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அது சுமார் 183 மி.லி. குறைந்தது, 18 மி.கி. வீதம் தினம் இரண்டு வேளை சாப்பிட்டவர்களுக்குச் சுமார் 115 மி.லி. குறைந்தது. இந்த வித்தியாசம் உண்மையானது, வரவேற்கத்தக்கது. ஆனால் திடீரென நோய் முற்றுவது, ஆஸ்பத்திரியில் சேர்வது, இறப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது தெளிவான பலன் தெரியவில்லை. சோதனையில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல், இந்த நோய்க்கான பழைய மருந்துகளான நின்டெடானிப், பிர்ஃபெனிடோன் இரண்டில் ஒன்றையும் கூடவே சாப்பிட்டவர்கள். இன்னொன்றும் கேளுங்கள்: இந்தப் புது மாத்திரைக்கும் வயிற்றோட்டம் உண்டு. நின்டெடானிபோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு அது இன்னும் அதிகம். எதிலிருந்து தப்ப நினைக்கிறீர்களோ அதையே காசு கொடுத்து வாங்கப் பார்க்கிறீர்கள்.

வயிற்றோட்டத்துக்கு வழி இருக்கிறது. காப்ஸ்யூலை வெறும் வயிற்றில் போடக் கூடாது; இரண்டு இட்லியாவது உள்ளே போன பிறகு, சாப்பாட்டோடு சாப்பாடாக, தண்ணீர் விட்டு முழுசாக விழுங்க வேண்டும். உடைக்கவோ மெல்லவோ கூடாது. இரண்டு வேளைக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி நேரம் வேண்டும். போக்கு தொடங்கிய அன்றே ஓ.ஆர்.எஸ். கரைசலும், டாக்டரைக் கேட்டு, போக்கை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரையும் ஆரம்பிக்க வேண்டும். அப்படியும் அடங்காவிட்டால் டாக்டர் சில நாள் இடைவெளி விட்டு 100 மி.கி.க்கு இறக்குவார். அதுவும் ஒத்துவராதவர்களுக்குப் பிர்ஃபெனிடோன் இருக்கிறது. முதல் மூன்று மாதம் மாதாமாதம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈரல் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை முதலில் சொல்லுங்கள்.

இனி ஏஜென்ட். ஒரு மருந்துக்கு இந்தியாவில் அனுமதி இருந்தால் அது பில்லோடு மருந்துக் கடையில் கிடைக்கும். அனுமதி இல்லையென்றால், நோயாளியின் சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கச் சட்டப்படி ஒரு வழி உண்டு: மருந்தின் பெயரும் அளவும் எழுதிய டாக்டர் சீட்டோடு, படிவம் 12ஏ-யில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு விண்ணப்பித்து, 12பி என்ற அனுமதிச் சீட்டு வாங்குவது. இரண்டிலும் ஏஜென்டுக்கு வேலையே இல்லை. "12பி யார் பெயரில் வாங்குவீர்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். முன்பணம் கேட்டு, பில் தராமல் கொடுக்கும் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

இதே ஆட்கள் அடுத்து இரண்டு வலை வீசுவார்கள். ஒன்று, "மருந்து ஆராய்ச்சியில் சேர்த்துவிடுகிறேன், பணம் கட்டுங்கள்" என்பது. முறையான ஆராய்ச்சியில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள், அதற்கு சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், இணையத்தில் யாரும் பார்க்கலாம். மற்றது ஸ்டெம் செல் ஊசி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலின்படி இந்த நோய்க்கு அதை ஆராய்ச்சிக்கு வெளியே கொடுக்கவே கூடாது. நிலத்தை அடகு வைத்து அதற்குப் போகாதீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொன்னதெல்லாம் மாறும், அதைப் பொறுமையாகப் படியுங்கள். அப்பாவுக்கு வந்திருப்பது ஐ.பி.எஃப். தானா? இந்தியாவில் 1,084 பேரை ஆராய்ந்து 2017-இல் வெளியான பதிவேட்டில் ஐ.பி.எஃப். சுமார் 14 சதவீதம்தான். 47 சதவீதம் பேருக்கு இருந்தது, மூச்சில் போகும் தூசும் பூஞ்சையும் பறவை எச்சமும் ஒவ்வாமல் வரும் நுரையீரல் அழற்சி. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஏர் கூலர் காற்றில் இருந்தவர்கள். நம் பக்கம் கேட்க வேண்டியவை: மச்சில் புறா வளர்க்கிறீர்களா? பூஞ்சை பிடித்த வைக்கோல் படப்பைப் பிரித்துப் போடுவது அப்பாவா? கூலர் தண்ணீரைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? ஆம் என்றால் அதை உடனே விலக்க வேண்டும். விலக்காமல் எந்த மாத்திரையும் முழுப் பலன் தராது. அந்த நோய்க்கு ஸ்டீராய்டு உதவக்கூடும். அதே ஸ்டீராய்டை அசதையோபிரின், என்-அசிட்டில் சிஸ்டீன் என்ற இரண்டு மருந்துகளோடும் சேர்த்து ஐ.பி.எஃப்.காரர்களுக்குக் கொடுத்த அமெரிக்க ஆராய்ச்சியில் இறப்பு கூடியது. 2011-இல் அந்தப் பிரிவையே நிறுத்தினார்கள். அதனால்தான் மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் எச்.ஆர்.சி.டி. ஸ்கேன் படத்தை, ரிப்போர்ட்டை மட்டுமல்ல, படத்தையே, நுரையீரல் நிபுணரிடம் காட்டுங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி நெஞ்சகப் பிரிவிலும் காட்டலாம்.

காத்திருந்தால் இன்னும் நல்லது வரும் என்ற கணக்கும் சரியில்லை. இதே நோய்க்கென்று பெரிதாகப் பேசப்பட்ட பாம்ரெவ்லுமாப் என்ற மருந்து 2023-இல் கடைசிக் கட்டச் சோதனையில் தோற்றது. பெக்சோடெக்ராஸ்ட் என்ற இன்னொரு மருந்தின் சோதனையை 2025-இல் பாதியில் நிறுத்தினார்கள். மூச்சில் இழுக்கும் ட்ரெப்ரோஸ்டினில் 2025-இல் நல்ல முடிவு காட்டியிருக்கிறது. ஆனால் நின்டெடானிப் ஒன்றிலேயே கம்பெனிக்கு ஆண்டுக்கு 350 கோடி யூரோவுக்கு மேல் வியாபாரம் நடக்கிறது. இப்படிப்பட்ட சந்தையில் புது மருந்து காப்புரிமை இருக்கும்வரை மலிவாகாது. நின்டெடானிபுக்கு இங்கே காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் தயாரிப்பதால் பிராண்டுக்குப் பிராண்டு விலை வெகுவாக மாறும்; ஒரு கடையோடு நிற்காமல் நான்கு கடையில் கேளுங்கள். 

அடுத்த முறை போகும்போது எஃப்.வி.சி. அளவைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுங்கள். முந்தையதைவிட 10 சதவீதம் குறைந்திருந்தால், புது மருந்துப் பேச்சை அன்றைக்கு நீங்களே டாக்டரிடம் எடுங்கள்.