செங்கோலை யார் கையில் கொடுப்பது?

(மதுரையில் நர்சிங் சூப்பரின்டென்டன்ட்டாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் வாசகர் கேள்விகளுக்கு எழுதும் பதில்கள்)

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். வயது 41. என்னிடம் வேலை பழகிய பிள்ளைகள் துபாய், லண்டன் என்று கிளம்பிவிட்டார்கள். ஆள் இல்லாத ஷிப்டை எல்லாம் நானே பார்க்கிறேன். முன்பெல்லாம் ஒரு நிமிடம் சாமியை நினைத்துவிட்டுத்தான் ரவுண்ட்ஸ் கிளம்புவேன். இப்போது பெல் அடித்தாலே எரிச்சல் வருகிறது. போன வாரம் ஒரு தாத்தா இறந்தபோது, 'பெட் காலி, உடனே அட்மிஷன் அனுப்பிவிடுவார்கள்' என்பதுதான் முதலில் தோன்றியது. எனக்கே பயமாகிவிட்டது. பக்தி குறைந்துவிட்டதோ என்று சஷ்டி விரதத்தோடு செவ்வாயும் சேர்த்து இருக்கிறேன். மாமியார் பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கச் சொல்கிறார். நிர்வாகத்தில் 'இது தெய்வத் தொண்டு' என்று பேசி, தியான வகுப்பு வைக்கிறார்கள். அதுவும் நைட் டியூட்டி முடிந்த பிறகு, காலை எட்டரைக்கு. நான் என்ன செய்ய?

- பெயர் வெளியிட வேண்டாம் என்ற வாசகி, மதுரை

பதில்: முதல் வேலையாக விரதத்தை நிறுத்துங்கள், தாயி. ராத்திரி முழுக்க இன்சுலின் யூனிட் பார்த்து ஏற்றுகிற கை அது. வெறும் வயிற்றில் அது நடுங்கினால் முருகனுக்கு என்ன லாபம்? பால்குடமும் இந்த வருடம் வேண்டாம். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

உங்கள் பக்திக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை ஆங்கிலத்தில் 'பர்ன் அவுட்' என்பார்கள். கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இதை அளப்பதற்கென்றே 1981இல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். அவர் பார்த்த அடையாளங்கள் மூன்று: உடம்பும் மனமும் வற்றிப்போவது, நோயாளி மனுஷராகத் தெரியாமல் பெட் நம்பராகத் தெரிவது, எவ்வளவு செய்தாலும் ஒன்றும் செய்யாத மாதிரி இருப்பது. தாத்தா இறந்தபோது உங்களுக்குத் தோன்றியது அந்த இரண்டாவது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இதைத் தன் நோய் வகைப்பாட்டில் எழுதிவைத்தது. அதில்கூட இதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் நாள்பட்ட நெருக்கடியைச் சரிசெய்யாமல் விட்டதால் வருவது என்றுதான் இருக்கிறது. ஆக, வேலையிடத்தில் செய்ய வேண்டிய பரிகாரத்தை நீங்கள் வயிற்றைக் காயப்போட்டுச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

'தெய்வத் தொண்டு' என்று பேசுகிறவர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த வார்த்தை எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆள் போடச் சொல்லிக் கேட்கும்போது மட்டும் அது மேடைக்கு வந்துவிடுகிறதே, அதுதான் பிடிக்கவில்லை. நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் பதினோரு படுக்கையோடு ஆரம்பித்த டாக்டர் வெங்கடசாமி, ஸ்ரீ அரவிந்தரிடம் ஊறிய மனிதர். மூட்டுவாதத்தில் விரலெல்லாம் கோணிப்போயிருந்தும், அந்தக் கையாலேயே கண்புரை ஆபரேஷன் செய்தவர். அவருடைய ஆன்மிகம் என்ன செய்தது? வேலையைப் பிரித்தது. ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேசை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேசையில் நோயாளி தயார். கிராமத்துப் பெண்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து, சர்ஜன்தான் செய்தாக வேண்டும் என்றில்லாத வேலையை எல்லாம் அவர்கள் கையில் கொடுத்தார்கள். ஒருத்தரே எல்லாவற்றையும் தலையில் தூக்கிச் சுமப்பதுதான் தொண்டு என்று அந்தப் பெரியவர் நினைத்திருந்தால், இத்தனை பேருக்குப் பார்வை கிடைத்திருக்குமா?

இனி உங்கள் தலைமைக்கு வருகிறேன். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் நடந்து செங்கோல் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆட்சி எத்தனை மாதம்? நாலே மாதம். ஆவணி மூலத் திருவிழாவில் சொக்கநாதருக்குப் பட்டம் கட்டிவிடுவார்கள், மிச்ச எட்டு மாதம் அவர் பாடு. மதுரைக்கே அரசியானவள் செங்கோலைக் கை மாற்றுகிறாள், உங்கள் வார்டில் மட்டும் வருஷம் முழுக்க ஒரே இன்சார்ஜ்.

எப்படி மாற்றுவது என்கிறீர்களா? உங்களுக்கு அடுத்த சீனியர் ஸ்டாஃப் ஒருத்தி இருப்பாள். வாரத்தில் இரண்டு நாள் அவள்தான் இன்சார்ஜ் என்று டியூட்டி லிஸ்ட்டிலேயே எழுதுங்கள். ரிப்போர்ட் புக், மருந்தும் சாமானும் கேட்டு எழுதுகிற இண்டென்ட், போதை மருந்து அலமாரிச் சாவி எல்லாம் அவள் கையில். அன்றைக்கு நீங்கள் போன் போட்டு 'ஏழாம் பெட்டுக்கு ஆன்டிபயாடிக் போட்டாச்சா' என்று கேட்கக் கூடாது. இதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும். சில பேருக்கு வேலை அலுத்துப்போனாலும் அதிகாரம் அலுப்பதில்லை. அது உங்களுக்கும் கொஞ்சம் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கடந்த மூன்று மாத டியூட்டி லிஸ்ட்டை எடுத்து, ஆள் இல்லாமல் நீங்கள் நின்ற ஷிப்டை எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள். அதோடு ஒரு கடிதம் வையுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும், காகிதத்தில் கொடுத்தால் யாராவது பதில் எழுதியாக வேண்டும். 'என்னால் முடியவில்லை' என்று எழுதாதீர்கள். 'இந்தத் தேதிகளில் இத்தனை நோயாளிக்கு இத்தனை பேர்தான் இருந்தோம், மருந்து நேரம் தள்ளிப்போனது' என்று எழுதுங்கள். தியான வகுப்பைச் சாயங்காலத்துக்கு மாற்றச் சொல்லியும் ஒரு வரி சேருங்கள். தியானம் நல்லதுதான். ராத்திரியெல்லாம் நின்றவளுக்கு அதைவிட நல்லது தூக்கம்.

அந்தத் தாத்தா விஷயம். எங்கள் காலத்தில் கன்னியாஸ்திரி சிஸ்டர் ஒருவர் இருந்தார். யாராவது இறந்தால், டியூப் எடுத்து, கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டி, பஞ்சு வைத்து முடித்த பிறகு, கட்டிலருகே நின்று இறந்தவருடைய பெயரை ஒரு தடவை சத்தமாகச் சொல்வார். பெயரைச் சொல்லி, 'போயிட்டு வாங்க' என்பார். அதற்கப்புறம்தான் மேலே துணி மூடுவோம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் யாராக இருந்தாலும் அதே இரண்டு வார்த்தைதான். அரை நிமிடம் ஆகாது. உங்கள் வார்டிலும் செய்து பாருங்கள். அட்மிஷன் அந்த அரை நிமிடம் காத்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள், நம் பெண்களுக்கு அசதி என்றால் பாதி நேரம் அதுவும் சேர்ந்திருக்கும். ஆஃப் நாளிலும் தூக்கம் வரவில்லை, வாழ்ந்தது போதும் என்று தோன்றுகிறது என்றால் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி சேவைக்கு 14416 எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

கேள்வி: நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன். வேற்று மத நோயாளி தனக்காகப் பிரார்த்தனை செய்யச் சொன்னால் என்ன செய்வது?

- மாணவி, உசிலம்பட்டி

பதில்: அவர் சாமி பெயரை அவரே சொல்லட்டும், நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அவர் கேட்காமல் நீங்களாக ஆரம்பிக்கக் கூடாது. டிரிப் ஓடுகிறதா என்று ஒரு கண் இருக்கட்டும்.

கேள்வி: என் மனைவி ஸ்டாஃப் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து வந்தால் எரிந்து விழுகிறாள். காலையிலேயே மீனாட்சி கோயிலுக்கு அழைத்துப் போனால் மனசு அமைதியாகுமா?

- வாசகர், மேலூர்

பதில்: வந்ததும் அவர் என்ன செய்கிறார் என்று எழுதவில்லையே. பிள்ளைகளைக் கிளப்பி, டிபன் கட்டி, மாவு ஆட்டி, அப்புறம்தான் படுக்கிறார் என்றால் எரிந்து விழாமல் என்ன செய்வார்? மாவை நீங்கள் ஆட்டுங்கள். ஜன்னலுக்குத் திரை போட்டு, அவர் போனை வாங்கி வைத்துவிட்டுத் தூங்க விடுங்கள். மத்தியானம் எப்படியும் கோயில் நடை சாத்தியிருக்கும், நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அவராக எழுந்து, போகலாம் என்றால் போய்விட்டு வாருங்கள்.