பாதியில் எழுந்து போனது தப்பா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் மகனோடு உட்கார்ந்து அமெரிக்க அடிமை முறையைப் பற்றிய 'ட்வெல்வ் இயர்ஸ் எ ஸ்லேவ்' படம் பார்த்தேன். சாட்டையடிக் காட்சியில் தாங்க முடியாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அதிலிருந்து சரியான தூக்கமில்லை. "நிஜமா நடந்ததைப் பார்க்கக்கூட உன்னால முடியலையாம்மா?" என்கிறான் மகன். இன்னும் இதேபோல் படங்கள் வைத்திருக்கிறான். கணவரோ, "காசு கொடுத்து அழுகையை வாங்குவானேன்?" என்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, எழுந்து போனதில் தப்பே இல்லை. ஒரு பெண்ணின் முதுகில் சாட்டை விழும்போது உங்கள் உடம்பு பதறியது நல்ல மனசுக்கு அடையாளம். கடைசிவரை கண் கொட்டாமல் பார்த்தால்தான் மரியாதை என்று பதினாறு வயதில் தோன்றும். அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

அதே படத்தில் இன்னொரு காட்சியைப் பற்றி அவனிடம் பேசுங்கள். கதாநாயகன் சாலமன் நார்த்தப்பின் கழுத்தில் சுருக்கு. கால் விரல்கள் மட்டும் சேற்றில் தட்டுத் தடுமாறி ஊன்றியிருக்கின்றன. பின்னால் மற்ற அடிமைகள் ஒவ்வொருவராக வெளியே வந்து அன்றாட வேலையைப் பார்க்கிறார்கள், குழந்தைகள் விளையாடுகிறார்கள். ரத்தமே இல்லாத அந்தக் காட்சிதான் என்னை அதிகம் உலுக்கியது. கயிற்றை அறுக்க ஏன் ஒருவரும் வரவில்லை என்று அவனைக் கேளுங்கள். அடிமை முறை எப்படி நடந்தது என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.

நார்த்தப் சுதந்திர மனிதராகப் பிறந்தவர். 1841-ல் வாஷிங்டனில் கடத்தப்பட்டு, 1853-ல் மீண்டு, அதே ஆண்டு தன் கதையைப் புத்தகமாக எழுதினார். படத்தைப் பார்க்க முடியவில்லையென்றால் அந்தப் புத்தகத்தைப் படியுங்கள். புத்தகத்தை வேண்டிய இடத்தில் மூடி வைக்கலாமே.

அப்புறம், இது எங்கோ அமெரிக்காவில் நடந்த சங்கதி என்று அவன் நினைத்துவிடக் கூடாது. நம் புதுச்சேரியிலேயே ஆட்களைப் பிடித்துவந்து அடைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றியதை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் 1743-ல் எழுதியிருக்கிறார். 1848-ல் பிரெஞ்சு அரசு தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! ஒப்பந்தக் கூலி என்ற பெயரில் இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஜனங்கள் ரீயூனியன், மார்த்தினிக் என்ற பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனார்கள். இன்றைக்கும் அட்வான்ஸ் வாங்கிய ஒரே காரணத்துக்காகக் குடும்பத்தோடு செங்கல் சூளையில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல்!

உங்கள் கணவர் சொல்வது சில படங்களுக்குப் பொருந்தும். அடிபடுகிறவருக்குப் பெயரும் ஆசையும் குடும்பமும் கொடுக்காமல், அடி வாங்கும் உடம்பாக மட்டும் காட்டுகிற படத்தைத் தாராளமாக நிறுத்துங்கள்.

மற்றபடி, ராத்திரியில் வேண்டாம், பகலில் பாருங்கள். அடுத்தடுத்த நாள் அடுக்கவும் வேண்டாம். என்ன வரப்போகிறது என்று முன்பே தெரிந்துகொண்டு உட்காருங்கள். எந்த இடத்திலும் இருவரில் யார் வேண்டுமானாலும் 'போதும்' சொல்லலாம் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். மகன் தைரியமாகப் பேசினாலும், சாப்பாடு குறைகிறதா, தனியாக ஒதுங்குகிறானா என்று ஒரு கண் வையுங்கள். உங்கள் தூக்கம் இன்னும் சில வாரங்களுக்குச் சரியாகாவிட்டால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.