வாய் ஒடுங்கிய அந்தத் தோட்டா எது?

கேள்வி: அமெரிக்காவில் வேலை செய்கிறேன். பழைய ராணுவப் பொருள் சந்தையில் ஒருவர் "வல்கன் பீரங்கியின் (போர் விமானங்களில் பொருத்தும் பல குழல் சுழல் பீரங்கி) சோதனைத் தோட்டா" என்று ஒன்றைக் காட்டினார். வழக்கமான 20 மி.மீ. தோட்டா போலவே இருந்தது, வாய் மட்டும் ஒடுங்கியிருந்தது. வாங்கலாமா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது .60 காலிபர் தோட்டாவாக, அதாவது 0.60 அங்குல (சுமார் 15 மி.மீ.) குண்டு கொண்டதாக இருக்கலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கி ஒன்றுக்காக அமெரிக்கர்கள் உருவாக்கியது. துப்பாக்கி கைவிடப்பட்டது, தோட்டா பிழைத்துக்கொண்டது. 1946-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் வல்கன் வேலையைத் தொடங்கியபோது முதல் மாதிரிகள் இந்த அளவில்தான் வந்தன. பிறகு இதே கூட்டை, அதாவது உந்துமருந்து அடைக்கும் உலோகக் குழலை, குட்டையாக்கி, வாயை அகட்டி 20 மி.மீ. குண்டு பொருத்தினார்கள். அந்த 20 மி.மீ. வல்கன்தான் 1956-ல் எம்61 என்ற பெயரில் ஏற்கப்பட்டது.

சோதித்துப் பார்ப்பதும் இதை வைத்துத்தான். முனையில் இருக்கும் குண்டைச் சேர்க்காமல், கூட்டின் நீளத்தை மட்டும் வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள். அசல் .60 கூடு 114 மி.மீ., எம்61 கூடு 102 மி.மீ. மலிவாகக் கிடைக்கும் எம்61 கூட்டின் வாயை நசுக்கிப் போலி செய்தவரால் குறைந்த நீளத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அப்புறம் அடியில் பொறித்திருக்கும் ஆண்டைப் பாருங்கள். போர்க்கால ஆண்டு என்றால் அது வல்கனுக்கு முந்தைய தயாரிப்பு. வல்கன் சோதனையில் பயன்பட்டது என்பதற்குப் பெட்டிச் சீட்டோ வரைபடமோ இல்லாமல் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். சோதனைத் தோட்டாவில் பாதி மதிப்பு அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. அமெரிக்கச் சோதனைப் பொருட்களின் பெயரில் முன்பு 'டி' (T) எண்ணும் பிற்பாடு 'எக்ஸ்எம்' (XM) எண்ணும் வரும், சீட்டில் அதைத் தேடுங்கள்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கூட்டின் பக்கவாட்டில் துளை இருந்தால் உள்ளே வெடிமருந்து இல்லை என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அந்தத் துளை கூட்டைப் பற்றி மட்டுமே சொல்லும். முனையில் இருக்கும் குண்டு தனிப் பொருள், அதற்குள் தீக்கலவையோ வெடிமருந்தோ இருக்கலாம். நீலம் பயிற்சிக்கு, மஞ்சள் வெடிக்கும் குண்டுக்கு என்ற வண்ண விதியையும் சோதனைப் பொருளில் நம்பாதீர்கள். பழைய வண்ண விதி வேறு, சில குண்டுகளுக்கு வண்ணமே பூசியிருக்க மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் தொடவே வேண்டாம். குண்டைப் பிடுங்குவது, துளையிடுவது, சூடாக்குவது எதுவும் கூடாது. கால் அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 7 கிராமுக்கு மேல் வெடிமருந்தோ தீக்கலவையோ கொண்ட குண்டை அமெரிக்கச் சட்டம் அழிவுக் கருவியாகவே கருதுகிறது.

எஃப்-15 போர் விமானத்துக்காக முயன்று கைவிட்ட 25 மி.மீ. கூடில்லாத் தோட்டா எப்போதாவது விற்பனைக்கு வரும். அதில் உடலே உந்துமருந்து, காலி செய்ய வழியில்லை. முழுக்க பிளாஸ்டிக்கில் செய்த மாதிரி என்றால் மட்டும் யோசியுங்கள்.

சரி, ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். வெற்றுக் கூடானாலும் விமான நிலையத்தில் சிக்கலாகும். அடிப்பக்கப் படத்தையும் அளவுகளையும் சர்வதேசத் தோட்டா சேகரிப்பாளர் சங்கமான ஐஏஏ (IAA) உறுப்பினர் ஒருவரிடம் காட்டிவிட்டு, அதன்பிறகு விலை பேசுங்கள்.