தட்டில் தெரியும் வளையம் மருந்தாகுமா?
வாசகர் கேள்வி – பதில்

வேப்பிலையின் மெத்தனால் சாற்றை எம்ஆர்எஸ்ஏ (பல ஆன்டிபயாடிக்குகளை எதிர்த்து நிற்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ்) கிருமி மீது சோதித்தேன். 20 மி.மீ. தடுப்பு வளையம் (கிருமி வளராத வட்டம்) வந்தது. பக்கத்தில் வைத்த சிப்ரோஃப்ளாக்சசின் வில்லைக்கு 12 மி.மீ.தான். ஆன்டிபயாடிக்கை விட வேப்பிலை வலியது என்று ஆய்வேட்டில் எழுதலாமா? வழிகாட்டிப் பேராசிரியர் எம்ஐசி (கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) பார்க்கச் சொல்கிறார்.
– எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் மாணவி, திருச்சி

எழுதாதீர்கள். பேராசிரியர் சொல்வதே சரி.

முதலில் அளவைப் பாருங்கள். அந்த வில்லையில் இருக்கும் மருந்து 5 மைக்ரோகிராம். மில்லிக்கு 100 மி.கி. வீதம் கரைத்த சாற்றில் 100 மைக்ரோலிட்டரைக் குழியில் விட்டிருந்தால், உள்ளே போனது 10,000 மைக்ரோகிராம். அதாவது 2,000 மடங்கு. அடுத்து, ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு சிப்ரோ வளையம் 15 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி அம்மருந்தை எதிர்த்து நிற்கிறது என்றே பொருள். ஏற்கெனவே தோற்றுப்போன மருந்தோடு போட்டி வைத்துவிட்டு வெற்றி என்று சொல்ல முடியாது.

வளையத்தின் அகலம் கொல்லும் திறனை மட்டும் காட்டுவதில்லை. பொருள் அகாரில் (கிருமி வளர்க்கும் கூழில்) எவ்வளவு தூரம் ஊறிப் பரவியது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. நீரில் கரையும் சின்ன மூலக்கூறு வேகமாகப் பரவும். எண்ணெய்ப் பசையுள்ளது குழியோரத்திலேயே நின்றுவிடும். கடுக்காய், மாதுளைத் தோல் போன்ற துவர்ப்புச் சரக்குகளில் டானின் அதிகம். அது புரதங்களைத் திரிய வைத்து, பார்வைக்கு அழகான வளையத்தைக் கொடுத்துவிடும்.

எம்ஐசிக்கு இப்படிச் செய்யுங்கள். நிழலில் உலர்த்திய இலைத்தூள் 50 கிராம், மெத்தனால் 500 மி.லி. 48 மணி நேரம் குலுக்கியில் வைத்து வடிகட்டி, 40 டிகிரிக்கு மேல் போகாமல் சுழல் ஆவியாக்கியில் வற்றவிடுங்கள். எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்த வேண்டும். மெத்தனால் மிச்சமிருந்தால் கிருமியைக் கொல்வது அதுவாகவும் இருக்கலாம். உலர்ந்த சாற்றை டிஎம்எஸ்ஓ என்னும் கரைப்பானில் மில்லிக்கு 102.4 மி.கி. ஆகக் கரைத்து, அதை முல்லர்-ஹின்டன் குழம்பில் (கிருமி வளர்க்கும் திரவத்தில்) 50 மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். 96 குழித் தட்டின் முதல் குழியில் இதில் 200 மைக்ரோலிட்டர். மற்றவற்றில் வெறும் குழம்பு 100. முதல் குழியிலிருந்து 100 எடுத்து அடுத்ததில் கலந்து, பாதி பாதியாக 10ஆம் குழி வரை இறங்கி, கடைசி 100ஐ வெளியே கொட்டுங்கள். 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலை அளக்கும் அளவுகோல்) கலங்கலுக்குச் சரிசெய்த கிருமிக் கரைசலை 150 மடங்கு நீர்த்து, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் சேர்த்தால் மில்லிக்குச் சுமார் 5 லட்சம் கிருமிகள் இருக்கும். முதல் குழியில் சாறு மில்லிக்கு 1024 மைக்ரோகிராம், டிஎம்எஸ்ஓ 1 சதவீதம். 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம்.

இலைச்சாற்றின் பச்சை நிறத்தில் கலங்கல் தெரியாது என்பதால் ரெசாசூரின் என்னும் நீலச் சாயம் சேர்ப்பீர்கள்: 0.015 சதவீதக் கரைசல், குழிக்கு 30 மைக்ரோலிட்டர், 2 முதல் 4 மணி நேரம். உயிருள்ள கிருமி இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும். பலர் சறுக்குவது இங்கேதான். பாலிஃபீனால் நிறைந்த சாறு கிருமியே இல்லாமலும் அந்த நிறத்தை மாற்றும். ஆகவே சாறு மட்டும், டிஎம்எஸ்ஓவும் கிருமியும், கிருமி மட்டும், குழம்பு மட்டும் என நான்கு ஒப்பீட்டுக் குழிகள் கட்டாயம். தட்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஏடிசிசி 29213 என்னும் ஒப்பீட்டு ஸ்டெஃபைலோகாக்கஸ் வகையை சிப்ரோவோடு ஓட்டுங்கள், எம்ஐசி மில்லிக்கு 0.12க்கும் 0.5 மைக்ரோகிராமுக்கும் இடையில் விழவில்லை என்றால் அன்றைய முடிவுகள் எல்லாமே குப்பைக்கு.

முழுச் சாற்றின் எம்ஐசி மில்லிக்கு 100 மைக்ரோகிராமோ அதற்குக் கீழேயோ வந்தால் தொடர்ந்து ஆராயலாம். 1000ஐத் தாண்டினால் வேறு செடியைப் பாருங்கள்.

ஸ்டெஃபைலோகாக்கஸைத் தடுக்கும் சாறுகள் ஈ.கோலை, கிளெப்சியெல்லா மீது எடுபடாதது ஏன்? இரண்டிலும் உபயோகமாகும் வழி உண்டா?
– பி.ஃபார்ம் மாணவர், மதுரை

ஈ.கோலை வகைக் கிருமிகளுக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. அதைத் தாண்டி நுழைந்ததையும் உள்ளிருக்கும் வெளியேற்றுப் பம்புகள் இறைத்துக் கொட்டிவிடும். தாவரப் பொருள்கள் பலவும் இந்தப் பம்பிடம்தான் தோற்கின்றன.

சுவையான உண்மை என்னவென்றால், செடிகளுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்திருக்கிறது. மரமஞ்சளில் உள்ள பெர்பெரினை ஸ்டெஃபைலோகாக்கஸ் நோர்-ஏ என்னும் பம்பால் வெளியே தள்ளும். பெர்பெரின் உள்ள சில பெர்பெரிஸ் செடிகளில், தானாக எந்தக் கிருமியையும் கொல்லாத, ஆனால் அந்தப் பம்பை அடைக்கிற இன்னொரு பொருளும் இருப்பதை 2000இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். மிளகின் பைப்பெரினும் சிப்ரோவுக்கு இப்படித் துணை நிற்பதாக 2006இல் ஜம்முவிலிருந்து ஆய்வு வெளிவந்தது. மூலிகையை ஆன்டிபயாடிக்குக்கு மாற்றாகத் தேடுவதை விடத் துணையாகத் தேடுவதே எங்கள் பார்வையில் புத்திசாலித்தனம்.

இதைச் சோதிக்கச் செக்கர்போர்டு முறை இருக்கிறது: ஒரு திசையில் மருந்து, மறு திசையில் சாறு. ஒரு மாதிரிக் கணக்கு: மருந்தின் எம்ஐசி தனியாக 16, சேர்த்தால் 2 (2ஐ 16ஆல் வகுத்தால் 0.125), சாறு தனியாக 512, சேர்த்தால் 128 (0.25). கூட்டினால் 0.375. 0.5க்குள் இருப்பதால் கூட்டுவலிமை. 4ஐத் தாண்டினால் ஒன்றையொன்று கெடுக்கிறது.

ஆனால் பைப்பெரின் நம் கல்லீரல் நொதிகளையும் தடுக்கும். ஃபெனிடாய்ன், தியோஃபிலின் போன்ற மருந்துகளின் அளவு ரத்தத்தில் ஏறிவிடலாம். ரசத்து மிளகைச் சொல்லவில்லை. மாத்திரையாக விற்கும் செறிவைச் சொல்கிறோம்.

அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. அடிக்கடி நீர்க்கடுப்பு. கல்ச்சரில் 'இஎஸ்பிஎல் ஈ.கோலை' என்று வந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு நெருஞ்சில் குடிநீர் மட்டும் கொடுக்கலாமா?
– வாசகி, நாமக்கல்

வேண்டாம்மா. இஎஸ்பிஎல் என்றால் செஃபலோஸ்போரின் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதி அந்தக் கிருமியிடம் இருக்கிறது என்று அர்த்தம். எல்லா மருந்தும் தோற்றது என்று அல்ல. அறிக்கையில் நைட்ரோஃபுரன்டாய்ன், ஃபாஸ்ஃபோமைசின் ஆகியவற்றுக்கு எதிரே 'எஸ்' (மருந்து எடுபடும்) என்று இருக்கிறதா பாருங்கள். அவற்றில் எது அம்மாவின் சிறுநீரகத்துக்கு ஏற்றது என்பதை மருத்துவர் கிரியாட்டினின் (சிறுநீரகத் திறனைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்த்துச் சொல்வார். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி வந்தால் அன்றே மருத்துவமனை.

நெருஞ்சில் கொடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அது நீரைப் பிரிக்கும், பிரஷர் மாத்திரையோடு சேரும்போது கவனம் தேவை. அடுத்த முறை மாதிரி கொடுக்கையில் முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே எடுத்து, 2 மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியில் கிடந்தால் கிருமி பெருகி, இல்லாத நோயையும் அறிக்கை காட்டும்.

தாவரங்களில் இந்த நோய்க்குப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது கிரான்பெரி. 2023இல் வெளியான காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வின்படி, நீர்க்கடுப்பு அடிக்கடி வரும் பெண்களுக்கு அது மறுபடி வருவதைக் குறைக்கிறது. வந்த நோயைத் தீர்ப்பதற்கு அல்ல. சர்க்கரை சேர்த்த ஜூஸை அம்மாவுக்கு வாங்கிவிடாதீர்கள்.

சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில் மஞ்சள்தூள் வைத்துக் கட்டலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

கூடாது. கடைத் தூள் கிருமி நீக்கியதல்ல. சமையலில் சாகாத பாக்டீரியா வித்துகளும் அதில் இருக்கக்கூடும். மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரையாது, எனவே புண்ணின் ஆழத்துக்கு இறங்காது. மஞ்சள் நிறம் மூடிவிட்டால் சதை சிவந்ததா கறுத்ததா என்று டிரெஸ்ஸிங் செய்பவருக்குத் தெரியாது. நிறத்துக்காக லெட் குரோமேட் கலந்த தூளும் சந்தைக்கு வந்திருக்கிறது.

பூண்டைப் பாலில் வேகவைத்தால் கிருமி கொல்லும் சத்து இருக்குமா?
– வாசகி, திருநெல்வேலி

முழுப் பல்லாக வேகவைத்தால் இருக்காது. பூண்டை நசுக்கும்போதுதான் அல்லினேஸ் நொதி வேலை செய்து அல்லிசின் உண்டாகும்; சூட்டில் அந்த நொதி செத்துவிடும். நசுக்கி 10 நிமிடம் வைத்துப் பிறகு சேர்த்தால் கொஞ்சம் தேறும். ஆனாலும் அல்லிசின் ரத்தத்தில் நிமிடக் கணக்கில் மறைந்துவிடுவதால், உள்ளே இருக்கும் தொற்றை அது தீர்க்காது. பூண்டுப்பால் ருசிக்காகக் குடியுங்கள்.