கிளைடிங் கேள்விகள்: காசா, காத்திருப்பா?

கேள்வி: எஞ்சின் இல்லாத விமானத்தில் பறக்கும் எங்கள் கிளைடிங் கிளப்பில் பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். இளைஞர்கள் வருகிறார்கள், ஒருமுறை பறந்துவிட்டு வாயைப் பிளக்கிறார்கள், கட்டணத்தைச் சொன்னதும் ஆளைக் காணோம். என்ன செய்யலாம்?

பதில்: கட்டணம் அதிகம்தான், பூசி மெழுக வேண்டாம். ஆனால் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டு நாலு மாதத்தில் காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று பழைய பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். காலையிலிருந்து வெயிலில் காய்ந்து, சாயங்காலம் வின்ச் (தரையிலிருந்து கயிற்றைச் சுருட்டி இழுக்கும் இயந்திரம்) இழுக்க ஒரே ஒரு தடவை மேலே போய், தெர்மல் (மேலே எழும் சூடான காற்று) சிக்காமல் ஐந்தாறு நிமிடத்தில் தரைக்கு வந்துவிட்டால், எந்தப் பையன் அடுத்த வாரம் வருவான்? புதிதாகச் சேர்பவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடுவது, கயிறு மாட்டுவது, பறப்புகளை லாக் புத்தகத்தில் பதிவது என்று பொறுப்பான வேலைகளைக் கற்றுக்கொடுத்து, இத்தனை நாள் வேலைக்கு இத்தனை லாஞ்ச் (மேலே ஏற்றிவிடுவது) இலவசம் என்று போர்டில் எழுதி வையுங்கள். வாய்ப்பேச்சாக இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்புறம் செலவு. இழுவை விமானம் 600 மீட்டர் வரை கொண்டுபோய் விடும், ஆனால் ஒவ்வொரு தடவையும் அதன் எரிபொருளுக்கும் பைலட்டுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். வின்ச் பெரும்பாலும் 300, 400 மீட்டரில் விட்டுவிடும், அதற்கு ஆகும் செலவோ மிகக் குறைவு. ஏறவும் இறங்கவும் பழக அந்த உயரம் தாராளம். புது கிளைடரும் தேவையில்லை. 1966-இல் முதலில் பறந்த ஏஎஸ்கே 13 ரகத்தில் இன்றும் பயிற்சி நடக்கிறது. சோலோ, அதாவது தனியாகப் பறக்கப் போகும் வரைக்கும் சேர்த்து ஒரே தொகை என்று சொல்லிப் பாருங்கள், ஏனென்றால் பெற்றோருக்குப் பயம் தொகையைவிட அது எங்கே போய் நிற்கும் என்பதில்தான்.

இது பணக்காரர் விளையாட்டு என்று யாராவது சொன்னால், முதல் உலகப்போர் முடிந்து வெர்சாய் ஒப்பந்தம் எஞ்சின் விமானங்களுக்குக் கடிவாளம் போட்டிருந்த ஜெர்மனியை நினைவுபடுத்துங்கள். 1920-இல் வாசர்குப்பே மலையில் நடந்த போட்டிக்கு, தாங்களே மரத்திலும் துணியிலும் கட்டிய கிளைடர்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் மாணவர்களும் இருந்தார்கள்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. கிளைடிங் கற்க வேண்டும் என்கிறாள். பின்னாளில் பைலட் ஆக உதவுமா?

பதில்: தாராளமாக அனுப்புங்கள். ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் கிளைடரில் 14 வயதிலேயே தனியாகப் பறக்கலாம். உங்கள் நாட்டு விதியைக் கிளப்பில் கேளுங்கள். இதனால் ஏர்லைன் வேலை கிடைத்துவிடும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். கைப்பழக்கம் வரும், அது பெரிய விஷயம். கண்ணாடி மூடியில் ஒரு துண்டுக் கம்பளி நூலை ஒட்டியிருப்பார்கள், அது கோணலானால் கிளைடர் பக்கவாட்டில் சறுக்குகிறது என்று அர்த்தம், காலால் ரடர் பெடலை (வாலில் உள்ள திருப்பும் தகட்டை இயக்குவது) அழுத்திச் சரிசெய்ய வேண்டும், கொஞ்ச நாளில் கால் தானாகவே செய்யும். 1983-இல் கனடாவில் எரிபொருள் தீர்ந்த போயிங் 767-ஐ கேப்டன் பாப் பியர்சன் பக்கவாட்டில் சறுக்கவிட்டு உயரத்தைக் குறைத்து, கிம்லி என்ற ஊரில் எல்லோரையும் உயிரோடு இறக்கினார். அவர் கிளைடர் ஓட்டிப் பழகியவர்.

கேள்வி: வீட்டில் சிமுலேட்டரில் பழகினால் செலவு மிச்சமாகுமா?

பதில்: கொஞ்சம் ஆகும். இறங்கும் வரிசையும் தெர்மலில் சுற்றும் முறையும் மனதில் பதிந்துவிடும். ஆனால் வேரியோமீட்டர் (ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் கருவி) கத்துவதற்கு முன்பே காற்று முதுகில் தட்டுவது கம்ப்யூட்டரில் வராது. முக்கியமாக, திரையையே பார்த்துப் பழகியவர்கள் மேலே போயும் கருவிகளையே முறைப்பார்கள், வெளியே பார்க்க வைப்பதற்குள் இன்ஸ்ட்ரக்டருக்குத் தொண்டை வறண்டுவிடும்.